நன்னாரி என்று கடையில் வாங்குவது எந்த வேர்?

கீழவீதிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். கோடை வருவதற்குள் வீட்டிலேயே சர்பத் தயாரித்து வைக்கலாம் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நன்னாரி வேர் கேட்டேன். ஒரு கடையில் மெல்லிய, முறுக்கிக்கொண்டு கிடக்கும் கறுத்த பழுப்பு நிற வேரை நிறுத்துக் கொடுத்தார்கள். அடுத்த தெருக் கடையில் கட்டைவிரல் கனத்துக்குச் சுருக்கம் விழுந்த துண்டுகளைக் கொடுத்தார்கள். இருவருமே இதுதான் அசல் என்று அடித்துச் சொல்கிறார்கள். மணமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கிறது. சித்த மருத்துவம் சொல்லும் நன்னாரி இவற்றில் எது? இந்த வேர் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனதாகவும் படித்தேன். அந்தக் கதை தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

பாற்கொடி (சித்த மருத்துவர்):
முதல் கடையில் கொடுத்ததுதான் நன்னாரி. இரண்டாவது மாகாளிக் கிழங்கு. இரண்டும் வேறு வேறு கொடிகள். எருக்கு இருக்கும் பெருங்குடும்பத்தில் நெருங்கிய உறவு உடையவை, அவ்வளவே.

கொடியைப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. நன்னாரி வேலியோரத்திலும் தரிசிலும் புதர்க்காட்டிலும் படரும் மெல்லிய கொடி. இலைகள் எதிரெதிராக இருக்கும். நடுநரம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடும். ஒரே கொடியில் அடியில் நீள்வட்ட இலையும் நுனியில் ஒடுங்கிய நீண்ட இலையும் இருப்பதால், புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டு செடிகள் பின்னிக் கிடக்கின்றன என்று நினைப்பார்கள். கிள்ளினால் பால் வரும். பூ மிகச் சிறியது, வெளியே பச்சை, உள்ளே ஊதா. காய்கள் இரட்டையாக, ஒல்லியாக, எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டு நிற்கும். வெடித்தால் பஞ்சு கட்டிய விதைகள் பறக்கும்.

வேரை அடையாளம் காண்பது இன்னும் எளிது. காய்ந்த நன்னாரி வேர் பென்சில் கனத்தைத் தாண்டுவது அரிது. மேல்தோலில் குறுக்கு வெடிப்புகள் இருக்கும். நகத்தால் தோலைக் கீறி முகர்ந்து பாருங்கள், மணம் முழுவதும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் மரத்தண்டில் மணம் மிகக் குறைவு. அதனால்தான் மருந்துக்கு எடுக்கும்போது வேரை இடித்து, நடுநரம்பை உருவி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வாங்கிய வேரில் தோல் உதிர்ந்து வெறும் குச்சியாக இருந்தால், அது உண்மையான நன்னாரியாகவே இருந்தாலும் பயனில்லை. பழைய சரக்குக்குப் பெரும்பாலும் இந்தக் கதிதான்.

மணம் ஒன்றாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு வேர்களிலும் முதன்மையான மணப்பொருள் ஒன்றே. வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில், வேறு அமைப்பில் சேர்ந்தது அது. மூக்கை மட்டும் நம்பி வாங்கினால் யாரும் ஏமாந்துதான் போவார்கள்.

மார்கழி ஊறுகாய்:
டாக்டர் அம்மா சொன்னது சரி. ஆனால் மாகாளியைப் போலிச் சரக்கு என்ற கண்ணோடு யாரும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது தன்னளவில் பெருமை உள்ள கிழங்கு. மார்கழி, தை மாதங்களில் கும்பகோணத்திலும் ஸ்ரீரங்கத்திலும் மாம்பலத்திலும் மண்ணோடு வந்து இறங்கும். எங்கள் வீட்டில் அந்த வாரம் வேறு வேலையே நடக்காது.

முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு மண் போகும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கத்தியால் தோலைச் சுரண்ட வேண்டும். கிழங்கை நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் கெட்டித் தண்டை எடுத்துவிட்டு, சதையை மட்டும் பொடியாக நறுக்கி உடனே மோரில் போட்டுவிட வேண்டும். காற்றில் விட்டால் கறுத்துப்போகும். பிறகு உப்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, அரைத்த கடுகு, நன்றாகப் புளித்த கெட்டித் தயிர். ஜாடியில் வைத்துத் தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். சில நாளில் கிழங்கின் காரம் அடங்கி, கடித்தால் கடுக்கென்று ஒரு சத்தமும் உள்ளே ஒரு குளிர்ச்சியும் வரும். தயிர்சாதத்துக்கு அதற்கு மேல் ஒன்று கிடையாது. இதன் வாசனை பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். பிடித்தவர்கள் விடவே மாட்டார்கள். நடுவில் நிற்பவர்களை நான் பார்த்ததில்லை.

உள்ளே எடுத்த தண்டை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. காயவைத்து வெந்நீர் அண்டாவில் போடுவோம்.

வெயிலூர்:
அக்கா, ஊறுகாய் இருக்கட்டும். மாகாளியை நன்னாரி என்ற பெயரில் விற்பது மோசடியா இல்லையா? அதை யாரும் சொல்லவில்லையே. கடைகளில் விற்கும் சர்பத் பாட்டில்களில் பாதிக்கு மேல் எந்த வேரும் இருப்பதில்லை என்பது என் எண்ணம். சர்க்கரைப் பாகு, நிறம், எசென்ஸ், அவ்வளவுதான். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மார்கழி ஊறுகாய்:
எசென்ஸ் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். மாகாளி விஷயத்தில் இல்லை. ராயலசீமைப் பக்கம் நன்னாரி சர்பத் என்றாலே மாகாளிக் கிழங்கில் செய்வதுதான் வழக்கம். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் ஊரில் கிடைத்த வேர் அது, அவர்கள் ருசியும் அதுதான்.

சரக்கறை:
வெயிலூர் கேட்டதற்கும் கீழவீதிக்காரர் முதலில் கேட்டதற்கும் சேர்த்தே பதில் சொல்ல முடியும். ஒரு வேருக்குப் பதிலாக இன்னொரு வேர் போய் நிற்பது இந்த வேரின் வரலாறு நெடுகிலும் நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் தாகம் தணிக்கும் மருந்துகளின் கூட்டம் ஒன்றுக்குச் சாரிவாதி கணம் என்று பெயர். சாரிவாவைத் தலையாக வைத்து அதிமதுரம், சந்தனம், வெட்டிவேர் போன்றவை அதில் வருகின்றன. அந்தச் சாரிவாவிலேயே வெள்ளை, கருப்பு என்று இருவகை சொல்லப்படுகிறது. வெள்ளைச் சாரிவா நம்முடைய நன்னாரி. கருப்புச் சாரிவா எந்தக் கொடி என்பதில் வட்டாரத்துக்கு வட்டாரம் வைத்தியர்கள் வேறுபடுகிறார்கள். குறைந்தது இரண்டு கொடிகள் அந்தப் பெயரில் இன்றும் சந்தையில் இருக்கின்றன.

இனி ஐரோப்பா. 15ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மேகப்புண் (சிபிலிஸ்) அங்கே தீயாய்ப் பரவியது. பாதரசம் கொடுத்தார்கள், நோயைவிட மருந்து கொடியதாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிகோ பக்கத்திலிருந்து சார்சபரில்லா என்ற வேரைக் கொண்டுவந்து, அது ரத்தத்தைச் சுத்தி செய்து நோயை ஓட்டும் என்றார்கள். அதன் உறவுக்கொடி ஒன்று சீனத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கும் வந்தது. கோவாவில் இருந்த கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் 1563இல் அச்சிட்ட நூலில் அந்த வேரைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் சித்த மருத்துவத்தில் பறங்கிப்பட்டை என்று வழங்குவது அதுதான். கடல்கடந்து வந்த வேர் நம் சூரணங்களுக்குள் புகுந்து நிலைத்துவிட்டது.

அடுத்த கட்டத்தில் நம் நன்னாரி வேர் எதிர்த்திசையில் பயணம் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களுக்கு அமெரிக்கச் சார்சபரில்லா எட்டாத விலை. வந்து சேர்வதற்குள் பழசாகியும்விடும். அதற்கு மாற்றாக உள்ளூர் வேரைத் தேடினார்கள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வைட்லா ஐன்ஸ்லி, நாட்டு வைத்தியர்கள் எந்தச் சரக்கை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். 1813இல் சென்னையில் ஒரு நூலும், 1826இல் லண்டனில் அதன் விரிவாக்கமும் வெளிவந்தன. நன்னாரி வேர் அதில் தமிழ்ப் பெயரோடு இருக்கிறது. தமிழ் வைத்தியர்கள் இதைப் பொடித்துப் பசும்பாலில் கலந்து நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுக்கிறார்கள் என்றும், சீரகம் சேர்த்துக் கஷாயமாக்கிப் பித்தத்துக்கும் ரத்தச் சுத்திக்கும் கொடுக்கிறார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். இருநூறு ஆண்டு கழித்தும் நம் வீடுகளில் சொல்லும் பக்குவம் ஏறத்தாழ இதுவேதான்.

1831இல் ஆஷ்பர்னர் என்ற மருத்துவர் லண்டனில் இந்த வேரின்பால் கவனத்தை ஈர்த்தார். கல்கத்தாவில் இருந்த ஓஷானசி என்ற மருத்துவர், சிறுநீரைப் பெருக்குவதில் இதற்குள்ள ஆற்றலைப் பாராட்டி எழுதினார். 1864இல் பிரிட்டிஷ் மருந்தியல் நூலில் நன்னாரி வேரும் அதன் பாகும் அதிகாரபூர்வமாக இடம்பெற்றன. ஆக, கப்பலேறியது உண்மை.

அங்கே போயும் குழப்பம் தீரவில்லை. சில காலம் ஐரோப்பிய வணிகத்தில் இதைச் சார்சபரில்லா இனத்து வேர் என்றே தவறாக எழுதிவைத்தார்கள். உண்மையில் இரண்டுக்கும் தாவர உறவே கிடையாது. இந்தியச் சார்சபரில்லா என்று ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயர் அந்தக் காலத்தின் மிச்சம். நம் வேரின் பெயரை அவர்கள் மறைத்து அமெரிக்க வேரின் நிழலில் வைத்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கிள்ளான் வாசகன்:
ஐயா, அருமை. மலேசியாவில் சார்சி என்று ஒரு குளிர்பானம் உண்டு. சின்ன வயதிலிருந்து குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சார்சபரில்லாவிலிருந்து வந்த பெயர் அது என்பது தெரியும், ஆனால் நன்னாரியோடு இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நினைத்ததில்லை. இங்கே காய்ச்சல் வந்தால் சார்சியில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வன்னி மைந்தன்:
இலங்கையில் சிங்கள மக்கள் நன்னாரியை இரமுசு என்பார்கள். வேரையும் கொடியையும் காயவைத்துத் தேநீர் போல் அவித்துக் குடிப்பது அங்கே அன்றாட வழக்கம். கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கும். சர்க்கரைப் பாகில்லாமல் வேரை மட்டும் குடிக்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல முறை.

வெயிலூர்:
சரக்கறை ஐயாவின் பதிவுக்கு நன்றி. ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. முன்பும் மாற்றினார்கள் என்பதால் இன்றும் மாற்றலாம் என்று ஆகிவிடுமா? பாட்டிலில் எந்த வேர் என்று எழுதுவதில் என்ன சிரமம்? இன்னொன்று. நன்னாரி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், சிறுநீரகத்தைப் புதுப்பிக்கும், புற்றுநோயைக் கரைக்கும் என்றெல்லாம் காணொளிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மருத்துவர் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பாற்கொடி (சித்த மருத்துவர்):
சொல்கிறேன். முதலில் எதற்குக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உடற்சூடு, நீர்க்கடுப்பு, பித்தத்தால் வரும் மயக்கமும் வாய்க்கசப்பும், சொறி சிரங்கு, வெயில் கொப்புளம் ஆகியவற்றுக்கே இதன் முதன்மையான பயன். நன்னாரி மணப்பாகு என்று பாகாகவும், பாலில் பொடியாகவும், வேறு சரக்குகளோடு கூட்டுக் கஷாயமாகவும் தருகிறோம். ஆயுர்வேதத்தில் சாரிபாத்யாசவம் என்ற நொதித்த மருந்து இருக்கிறது. கோடையில் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேரோடு இதையும் முடிச்சாகக் கட்டிப் போடும் வழக்கத்தையும் நான் நல்ல மருந்தாகவே கருதுகிறேன்.

மேகநோய் விஷயத்தில் உண்மையை மறைக்கக் கூடாது. நன்னாரியும் பறங்கிப்பட்டையும் சார்சபரில்லாவும் நூற்றாண்டுக் கணக்கில் அதற்குக் கொடுக்கப்பட்டன. கிருமியை ஒழித்தது 1943இல் அதற்குப் பயன்படத் தொடங்கிய பென்சிலின்தான். அந்த நோய் புண் தானாகவே ஆறி உள்ளே பதுங்கும் இயல்புடையது. வேர் குடித்து ஆறியதாக நம்பியவர்களில் பலருக்கு நோய் பதுங்கியிருக்கத்தான் வாய்ப்பு. இன்று யாராவது அந்த நோய்க்கு நன்னாரி மட்டும் போதும் என்றால், தயவுசெய்து நம்ப வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கும் அதையே சொல்வேன். ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் கிடைத்த முடிவுகளைக் காட்டி மனிதர்களுக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரும் பாவம். என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் சிலர், நன்னாரி குளிர்ச்சி என்று சர்பத்தை இரண்டு வேளை குடித்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கோப்பையில் வேரைவிடச் சர்க்கரைதான் அதிகம்.

மாற்றுச் சரக்கு பற்றி: குடிப்பதற்கு மாகாளி போட்டால் எனக்கு மறுப்பில்லை. மருந்துக்கு நன்னாரி எழுதினால் நன்னாரியே வேண்டும். மணம் ஒன்று என்பதற்காகக் குணமும் ஒன்று என்று கொள்ள முடியாது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், மாகாளிக் கிழங்குக்குத் தானியப் பூச்சிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்று கண்டறிந்தது. அதைத் தனிச் சரக்காகவே மதித்து ஆராய வேண்டும்.

அடிவாரத்தான்:
இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் வேர் கடைக்கு வந்த பிறகு நடப்பதைப் பேசினீர்கள். அதற்கு முன்னால் நடப்பதை நான் சொல்கிறேன். சவ்வாது மலை அடிவாரத்தில் வேலை செய்பவன் நான்.

நன்னாரி வேரைப் பிடுங்கினால் பாதி கையோடு வரும், மீதி மண்ணுக்குள் அறுந்து நிற்கும். அந்த மிச்சத்திலிருந்து அடுத்த மழைக்குக் கொடி மறுபடி தலைகாட்டும். மாகாளி அப்படி இல்லை. பாறை இடுக்கில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு விட்டிருக்கும். கடப்பாறை போட்டுப் பாறையை நெம்பித்தான் எடுக்க வேண்டும். இங்குள்ள மலைவாழ் பழங்குடியினரான மலையாளிகள் பழைய முறையில் எடுக்கும்போது பெரிய கிழங்குகளை மட்டும் அறுத்துக்கொண்டு, தலைப்பகுதியையும் சின்னக் கிழங்குகளையும் விட்டு மண்ணை மூடிவிடுவார்கள். அவர்கள் திரும்பவும் அதே பாறைக்கு வர வேண்டியவர்கள். எடைக்கு வாங்கும் வியாபாரி வந்த பிறகு, கொத்தோடு இழுத்துவிடுகிறார்கள். மிச்சம் விட்டால் அடுத்தவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இந்தக் கொடி தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. காயும் குறைவாகத்தான் பிடிக்கும். இங்கே போனால் போனதுதான்.

அதனால்தான் பெயர் மாற்றி விற்பதை நான் எதிர்க்கிறேன். குடிப்பவருக்கு ருசியில் நட்டமில்லை என்று மார்கழி அக்கா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் லாரியில் போகும் மூட்டைகள் எல்லாவற்றுக்கும் நன்னாரி என்று ஒரே பெயர் இருந்தால், எந்த மலையில் எந்தக் கொடி எவ்வளவு குறைந்தது என்று யாரால் கணக்குப் பார்க்க முடியும்? வேலியோரக் கொடியின் பெயரில் மலைக்கொடி அழிந்துகொண்டிருக்கிறது.

மார்கழி ஊறுகாய்:
அண்ணா, இந்தக் கோணத்தில் யோசித்தால் உங்கள் பக்கம்தான் நியாயம். பெயரைச் சரியாக எழுதி விற்கட்டும். மாகாளி என்று எழுதினாலும் நாங்கள் வாங்கத்தான் போகிறோம்.

கீழவீதிக்காரன்:
எதிர்பார்த்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டேன், அனைவருக்கும் நன்றி. மெல்லிய வேரை வைத்துக்கொண்டேன். இனி சர்பத் முறை. வேரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும் என்கிறார்கள் சிலர், கொதிக்கவே கூடாது என்கிறார்கள் சிலர். எது சரி?

பாற்கொடி (சித்த மருத்துவர்):
கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியாகிவிடும். வீடு முழுக்க மணக்கிறது என்றால் பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள். 100 கிராம் வேரைக் கழுவி உலர்த்தி, உரலில் இடித்து நடுநரம்பை நீக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அந்தத் தோலைப் போட்டு, மூடியை இறுக்கி இரவு முழுக்க விடுங்கள். காலையில் துணியில் வடிகட்டுங்கள். ஒரு கிலோ சர்க்கரையை வடிநீரில் பாதியோடு பாகாக்கி, சூடு தணிந்த பிறகு மீதி வடிநீரைச் சேருங்கள். பிரிட்டிஷ் மருந்தியல் நூல் சொன்ன பாகும் மூடிய பாத்திரத்தில் கொதிநீரில் ஊறவைக்கும் முறைதான். நிறம் வெளிர்ந்துதான் இருக்கும். கடைச் சர்பத்தின் கருஞ்சிவப்பு வராது. எலுமிச்சை பிழிந்து, ஊறிய சப்ஜா விதை போட்டுக் குடியுங்கள். மீதி நீர் காய்ச்சாமல் சேர்வதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

வெயிலூர்:
மதுரை ஜிகர்தண்டாவுக்கு இந்தப் பாகு சரிப்படுமா?

பாற்கொடி (சித்த மருத்துவர்):
தாராளமாக. பாலில் கலப்பதாக இருந்தால் எலுமிச்சை மட்டும் வேண்டாம், திரிந்துவிடும்.

அடிவாரத்தான்:
வாங்கிய காய்ந்த வேர் முளைக்காது என்பதால் ஒன்று சொல்கிறேன். தோட்டம் இருப்பவர்கள் வேலியோரத்தில் கொடியைத் தேடி, விரல் நீளத்துக்குப் பச்சை வேர்த்துண்டுகள் எடுத்து, மழைக்காலத் தொடக்கத்தில் மணல் கலந்த மண்ணில் படுக்கையாகப் புதையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. தளிர் வந்ததும் ஏறிப் படர ஒரு கம்பி கட்டிக் கொடுங்கள். வேர் எடுக்க இரண்டு, மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். எடுக்கும்போது பக்கவேர்களை மட்டும் அறுத்துக்கொண்டு தாய்வேரை விட்டுவிடுங்கள். மாடித்தோட்டத்தில் ஆழமான தொட்டி இருந்தால் அங்கேயும் வரும்.